மண்ணுக்குள் போகாத மட்டிகள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம் என்று முதல் வரியில் போட்டால்தான் நீ இரண்டாம் வரிக்கே வருவாய் என்பதால் போட்டுவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் காலை நீட்டிப் படுத்திருக்கும் சின்ன எஜமானும் நன்றாக இருக்க வேண்டும். இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. உன் ஊருக்கு வருகிற பேக்கரிக்காரர் மருமகன் இந்தக் கடிதத்தோடு ஒரு துணிப்பையும் தருவார். அதில் உன் அப்பா தன் கையால் தோண்டி, அவித்து, மொட்டை மாடியில் காய வைத்த மட்டிச் சிப்பி இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி மகளுக்காம். அதைத் தின்னாதே, மாப்பிள்ளைக்கும் கொடுக்காதே. போனில் சொன்னால் என்ன என்பாய். போன் உன் அப்பாவின் சட்டைப்பையில்தான் குடியிருக்கிறது, எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே ஒலிபரப்புவார், அதில் நான் எங்கே ரகசியம் பேச?

போன வருஷம் எண்ணெய்க் கப்பல் ஒன்று அலைதடுப்புச் சுவரில் இடித்துக்கொண்டு நம் கழிமுகத்தையே கறுப்பாக்கியது உனக்குத் தெரியும். கரையைக் கழுவினார்கள், பாறையைத் துடைத்தார்கள், சிப்பி எடுக்காதே என்று நட்டிருந்த போர்டையும் போன மாதம் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு உன் அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும், புது மாப்பிள்ளை தோற்றுப்போவான். இத்தனை மாதம் வீட்டில் உட்கார்ந்து என் சமையலுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தண்ணீர் என்னவோ கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் சேற்றில் கால் வைத்து எடுத்தால் அந்தக் குழியில் ஊறுகிற நீரில் வானவில் மிதக்கிறது, மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்த வாடை வேறு. முன்பு புழுக்கள் துப்பிய மண் சுருள் சுருளாகக் கிடக்குமே, இப்போது இஸ்திரி போட்ட மாதிரி மொழுக்கென்று கிடக்கிறது. சேற்றைக் குத்திக் குத்தித் தின்கிற நீள மூக்குப் பறவைகளும் எட்டிப் பார்ப்பதில்லை. மேலே கழுவினார்கள் சரி, அடியில் இறங்கியதை யார் கழுவியது என்று கேட்டதற்கு, "போர்டையே எடுத்துட்டாங்க, உனக்கு மட்டும் என்ன ஸ்பெஷல் மூக்கா?" என்றார். என் மூக்கு சின்னதுதான், சுற்றியிருக்கிற முகம்தான் பெரிசு.

மட்டியைக் கொண்டுவந்ததும் அவிக்கிறவரை உயிரோடு இருக்கட்டும் என்று சேறும் கடல் தண்ணீரும் ஊற்றிய பேசினில் போடுவோமே, போட்ட உடனே நாக்கு மாதிரிக் காலை நீட்டி மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். இந்தத் தடவை அப்படியே மேலே கிடந்தன, கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்தும் எழுந்திருக்காத ஆட்களைப் போல. "அலைச்சல்ல களைச்சிருக்கும், விடு" என்றார் உன் அப்பா. எனக்கு மனசு கேட்கவில்லை. எண்ணெய் எட்டாத அந்தப் பக்கத்துக் கரையிலிருந்து சித்தியை அவள் ஊர் மட்டியும் மண்ணும் கொண்டுவரச் சொன்னேன். பாத்ரூமில் வரிசையாகப் பேசின் வைத்தேன், குளிப்பதற்கு மாடி வீட்டு டீச்சரிடம் போய் நின்றேன், என் மானம் அவ்வளவுதான். சித்தியின் மட்டிகள் அவள் மண்ணில் டீ கொதிப்பதற்குள் காணாமல் போயின. அவற்றிலேயே சிலதை நம் சேற்றில் போட்டேன். பாதி இறங்கின, அப்புறம் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அந்தச் சேற்றில் வளர்ந்ததைத்தானே உனக்குப் பையில் கட்டி வைத்திருக்கிறார். அவரிடம் சொன்னால் முகம் சுருங்கிவிடும், சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

நேற்று இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திப் பேனாவைக் கீழே வைத்தேன். அதற்குள் உன் அப்பா குளிக்கப் போய்விட்டார். "என்னடி இது, பாத்ரூமுக்குள்ள கடலைக் கொண்டாந்து வெச்சிருக்கே?" என்ற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் துண்டோடு முக்காலியில் உட்கார்ந்து நம் சேறு போட்ட பேசினையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு மட்டியை எடுத்து விரலால் குழி பறித்து, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி உள்ளே வைத்தார். அது மேலே வந்தது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் வந்தது.

இன்றைக்குக் காலையில் பையைப் பார்த்தேன், தையல் பிரித்துப் புதிதாகப் போட்டிருக்கிறது. மட்டி எல்லாம் குப்பைக்குப் போய்விட்டது. தடவிப் பார்த்தால் உள்ளே ரொட்டியும் பிஸ்கட்டும். பேக்கரிக்காரரிடமே வாங்கி அவர் மருமகன் தலையிலேயே கட்டி அனுப்புகிற ஆள் உலகத்தில் உன் அப்பா ஒருவர்தான். அதனால் மேலே தின்னாதே என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி, பிஸ்கட்டைத் தாராளமாகத் தின்னு. என் கவலை மட்டும் தீரவில்லை. அவர் இந்த ஒரு மாதமும் அதைத்தான் தின்றார், பயந்து சாகிற நானும்தான் ருசியாக இருக்கிறதே என்று கேட்டு வாங்கித் தின்றேன். உன்னைப் பார்க்கிற டாக்டரிடம் எங்களுக்காக ஒரு வார்த்தை கேட்டு எழுது. இப்போது அவர் மண்வெட்டி இல்லாமல், சித்தியின் மட்டிகளை மட்டும் வாளியில் எடுத்துக்கொண்டு கழிமுகத்துக்குப் போயிருக்கிறார். இடம் இடமாகச் சேற்றில் வைத்துவிட்டு, ஏதாவது ஒன்று இறங்குகிறதா என்று குந்தியிருக்கிறாராம், டீச்சர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கால் முழுக்க அந்தச் சேறுதான் இருக்கும், வாசலிலேயே கழுவ ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்து வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, படியில் பார்த்து இறங்கு. தாயும் பிள்ளையுமாக நல்லபடி பிழைத்து நூறு வருஷம் இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே, மட்டி எங்கே என்று நீயாக அவரிடம் கேட்காதே. என்றைக்காவது அவரே போன் போட்டு, "ஒண்ணு உள்ள போயிடுச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். அன்றைக்கு நீயும் அங்கிருந்து கத்து.

பாத்ரூமில் கடலை வைத்துக்கொண்டு குளிக்க இடமில்லாமல் நிற்கும்,
உன் அம்மா