வலப்பக்கம் மேலே

லிட்கம், அவுஸ்திரேலியா
1977 பெப்ரவரி 14, திங்கள்

நான் அந்த அம்மாவின் கையில் அடிக்கவில்லை. விலக்கினேன். இரண்டும் ஒன்றல்ல. கையில் அடிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கொன்வென்ற்றில் சிஸ்டர் பெர்னதெத்தின் அடிமட்டம் அதை நன்றாகவே கற்றுத் தந்திருக்கிறது.

இன்று எங்கள் ஊர்ப் பிள்ளை யோகராணி, பக்கத்து ஹோம்புஷ்ஷில் இருந்து இதைக் கேட்பதற்கென்றே வந்தாள். கதிரையில் இருக்கும் முன்பே தொடங்கிவிட்டாள்.

"அன்ரி, யப்பானில நீங்கள் தங்கின வீட்டு மனிசிக்கு அடிச்சுப்போட்டு வந்தனீங்களாமே? என்ர வேலையிடத்தில ஒரு வெள்ளைக்காரி சொல்லுறாள்."

"ஓம். குத்துச்சண்டைக்குத்தான் போனனான்."

விழுந்து விழுந்து சிரித்தாள். தேநீரைச் சீனி போடாமல் கொடுத்தேன். கவனிக்காமல் குடித்துவிட்டுப் போனாள். போகிற வழியில் இன்னும் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினாளோ.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். போன ஓகஸ்ட்டில் இங்குள்ள மகளிர் நட்புச் சங்கத்தில் இருந்து யப்பானுக்குப் போனோம். ஒசாக்காவுக்கு அப்பால் ஒரு சிறு பட்டணம். ஆளுக்கொரு வீட்டில் இரண்டு வாரம். விடுதி இல்லை, அந்த வீட்டாரோடு உண்டு, அவர்களுடைய பாயில் படுத்து, அவர்கள் வாழ்கிறபடி வாழ்ந்து பார்ப்பது. எனக்குக் கிடைத்தது மிஸிஸ் ஹயாஷியின் வீடு. என்னைப் போல அவரும் கணவனை இழந்தவர். எனக்குப் பதினோரு வருடம். அவருக்கு அப்போது ஏழு மாதம்.

வருகிற மே மாதம் அவர்கள் இங்கே வருகிறார்கள். யார் வீட்டில் நாம் தங்கினோமோ, அவர் நம் வீட்டில் தங்குவார். ஏற்பாடு அதுதான். அதனால்தான் யோகராணியின் கதை எனக்குப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 15

மழை. முழங்கால். வேறொன்றும் இல்லை.

பெப்ரவரி 20, ஞாயிறு

மகன் வரதன் புல் வெட்டுகிறான். அந்த இயந்திரச் சத்தத்தில் நித்திரை வராது. எழுதலாம்.

யப்பானில் எங்களுடைய கடைசி மாலை. கோயில் முற்றத்தில் ஊரே வட்டமாக நின்று ஆடுகிற நாள். இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகிற வாரம் என்று சொன்னார்கள். வீட்டுக்கு வீடு கடதாசி விளக்கு. மிஸிஸ் ஹயாஷி வீட்டு வாசலில் வெள்ளை விளக்கு. மற்ற வீடுகளில் இருந்தவை பூப்போட்டவை. அவருடைய விளக்கே எனக்குப் பிடித்திருந்தது. அலங்காரம் இல்லாமல், சுத்தமாக.

எங்கள் எல்லோருக்கும் பருத்தியில் தைத்த யுக்காத்தா கொடுத்தார்கள். நீளச் சட்டை, முன்பக்கம் திறந்தது, ஒரு பக்கத்தை மற்றப் பக்கத்தின் மேல் மடித்து இடுப்பில் பட்டி கட்டுவது. மற்றப் பெண்கள் குழந்தைகள் போலக் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். அந்தந்த வீட்டுக்காரி உடுத்திவிட்டாள். எனக்கு அது தேவையில்லை. பன்னிரண்டு முழச் சேலையை ஒற்றை ஊசி குத்தாமல் கட்டுகிறவள் நான். அறைக்குள் போய், கதவைச் சாத்தி, நானே உடுத்தேன். வலப்பக்கம் மேலே. பெண்பிள்ளைகளின் உடுப்பு எதுவானாலும் வலப்பக்கம் மேலே வரவேண்டும் என்பது சிஸ்டர் பெர்னதெத்தின் தையல் வகுப்பில் முதல் பாடம்.

வெளியே வந்தேன். மிஸிஸ் ஹயாஷி பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் என் நெஞ்சில் கைவைத்து, கட்டியதை அவிழ்க்க வந்தார். அவருடைய மருமகள் முன்னால், சங்கத்துப் பெண்கள் முன்னால்! கையை விலக்கினேன். "அறுபது வருடமாக நானே உடுத்துகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு விளங்கியிருக்காது. குரல் விளங்கியிருக்கும்.

அதன் பிறகு அவர் தொடவில்லை. ஆனால் அன்று மாலை முழுக்க ஒரு வட்ட விசிறியோடு என்னை ஒட்டிக்கொண்டே நின்றார். வியர்க்கவில்லை என்று சைகை காட்டியும் விடவில்லை. எரிச்சலாக இருந்தது. படம் பிடிக்கிற நேரம் ஒரு அடி தள்ளி நின்றுவிட்டேன்.

இவ்வளவுதான் நடந்தது.

இன்னொன்று. அந்தக் குழுப்படத்தை வீட்டுக்காரிகள் ஒவ்வொருவரும் தங்கள் விருந்தாளிக்கு அனுப்பினார்கள். எல்லோருக்கும் வந்தது. எனக்கு வரவில்லை. மிஸிஸ் ஹயாஷியிடம் இருந்து புது வருட வாழ்த்துக்கூட இல்லை. நான் கடிதம் போட்டேன். சுருக்கமாக, நன்றி சொல்லி. பதில் ஒரு சின்னப் பொட்டலம் பச்சைத் தேயிலை.

இதை என்னவென்று எடுப்பது? கோபம் என்றால் தேயிலை ஏன்? கோபம் இல்லை என்றால் படம் எங்கே?

பெப்ரவரி 24

சங்கச் செயலாளர் மிஸிஸ் பார்க்கர் ரெலிபோனில். "மிஸிஸ் ஆரி" என்கிறார். அரியரத்தினம் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவருடைய நாய்க்கு அதைவிட நீளமான பெயர்.

மிஸிஸ் ஹயாஷியை ஸ்ட்ராத்ஃபீல்டில் வேறொரு அங்கத்தவர் வீட்டில் தங்க வைக்க யோசிக்கிறார்களாம். "வழமையான ஓர் அவுஸ்திரேலிய வீட்டைப் பார்க்க அவருக்கு விருப்பம் இருக்கலாம் இல்லையா?"

"அப்படிக் கேட்டு எழுதினாரா?"

"இல்லை. ஆனால் அன்றைக்கு நடந்ததற்குப் பிறகு... உங்களுக்கும் சங்கடம்தானே."

எனக்கு ஒரு சங்கடமும் இல்லை என்றேன். அடுத்த வியாழன் கூட்டத்தில் பேசலாம் என்றார்.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். வரதன், "விடுங்கோ அம்மா. அவை நினைக்கிறபடி செய்யட்டும். உங்களுக்கேன் இந்த வயசில கரைச்சல்?" என்றான். மருமகள் ரஞ்சினி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். மே மாதம் அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. அவளுடைய முகத்தில் நிம்மதி தெரிந்தது. குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் ஒரு வீட்டில் இரண்டு வாரம் சாப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு காலையும் அந்த அம்மா கணவரின் படத்துக்கு முன்னால் முதற்சோறு வைத்துவிட்டு, இரண்டாவது கிண்ணத்தை எனக்குத்தான் தந்தார். பிறகுதான் மகன், மருமகள் எல்லோரும். அதைத் திருப்பிச் செய்யாமல் விட்டால் நான் யார்? யாரோ வீட்டில் சாப்பிட்டுப் போன ஒரு கிழவி.

பெப்ரவரி 25

நித்திரை இல்லை.

மார்ச் 3, வியாழன்

கூட்டம். பேருந்தில் இருக்க இடம் கிடைக்கவில்லை. மண்டபத்தில் பிஸ்கட் நமத்துப் போயிருந்தது.

மே மாத வரவுக்கு மொழிபெயர்த்து உதவ மிஸிஸ் ஒகாவா என்று ஒருவர் வந்திருந்தார். கணவர் ஆட்டுமயிர் வாங்குகிற கம்பெனியில், நோர்த் ஷோர் பக்கம் இருக்கிறார்கள். நல்ல ஆங்கிலம். மிஸிஸ் பார்க்கர் தன் கைப்பையில் இருந்து குழுப்படத்தை எடுத்து அவருக்குக் காட்டினார். அப்போதுதான் நானும் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

இரண்டு வரிசைப் பெண்கள். நான் முன்வரிசையில், நிமிர்ந்து. பக்கத்தில் மிஸிஸ் ஹயாஷி, விசிறி பிடித்த கையை என் பக்கம் நீட்டியபடி. விசிறிக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. வெறும் இடம். நான் ஒரு அடி தள்ளி நிற்கிறேன்.

மிஸிஸ் ஒகாவா பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த கைக்குட்டையை எடுத்து, ஏதோ ஈரம் துடைப்பவர் போல, படத்தில் என் மேலே போட்டார்.

"உடுத்த யாரும் உதவவில்லையா?"

"எனக்கு உதவி தேவையில்லை."

"அந்த வீட்டு அம்மா?"

"அவிழ்க்க வந்தார். கையை விலக்கினேன்."

மிஸிஸ் பார்க்கர், "பார்த்தீர்களா, அதைத்தான் சொன்னேன்" என்றார். மிஸிஸ் ஒகாவா அவர் பக்கம் திரும்பவில்லை. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றார். நான்தான் வற்புறுத்தினேன். எதுவானாலும் நேரே சொல்லுங்கள், நான் நேரே கேட்டுப் பழகியவள்.

"எங்கள் நாட்டில் எல்லோருக்கும் இடப்பக்கம் மேலே. ஆணோ பெண்ணோ, உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோருக்கும். கடைசியில் பெட்டியில் வைக்கும்போது மட்டும் வலப்பக்கத்தை மேலே போட்டு உடுத்துவோம்."

மிஸிஸ் ஒகாவா படத்தின் மேலே கிடந்த கைக்குட்டையைச் சரிசெய்தார்.

"அந்த வீட்டில் விளக்கு இருந்ததா?" என்று கேட்டார்.

"இருந்தது. வெள்ளை."

"வெள்ளை, அந்த வருடம் ஆள் போன வீட்டுக்கு. முதல் தடவை திரும்பி வருகிறவருக்கு வழி தெரிவதற்கு."

என் கட்டை அவிழ்க்க வந்தவை, தை மாதம் கணவரை உடுத்தி அனுப்பிய அதே கைகள். ஓகஸ்ட்டில் அவர் வருகிற நாள் பார்த்து, அதே மாதிரி உடுத்துக்கொண்டு அந்த வாசலுக்கு நான் வந்து நின்றிருக்கிறேன்.

"ஏன் பிறகும் சொல்லவில்லை? பேசுவதற்கென்று எங்களிடம் ஒரு சின்ன அகராதி இருந்ததே" என்றேன்.

"விருந்தாளி ஒரு தரம் கையை விலக்கினால் இரண்டாம் தரம் தொட மாட்டார்கள். மறைக்கத்தான் பார்ப்பார்கள்." படத்தில் இருந்த விசிறியை விரலால் தொட்டார். "துக்க வருடம் என்பதால் புது வருட வாழ்த்தும் வந்திராது. இந்தப் படத்தையும் அவர் உங்களுக்கு அனுப்பியிருக்க மாட்டாரே? நானும் அனுப்ப மாட்டேன். உயிரோடு இருக்கிறவருக்கு இதைத் தன் கையால் யார் அனுப்புவார்கள்?"

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை.

மார்ச் 4

வியர்க்கேல்லை, வியர்க்கேல்லை எண்டு கையைக் காட்டினேனே! அந்த மனிசி என்ன செய்திருக்கும்? ஊருக்கு முன்னால ஓடி ஓடி மறைக்க, நான் தள்ளித் தள்ளி நிண்டனான். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதோ — ஏன் அவிழ்க்கிறியள் எண்டு? வாயில என்ன கொழுக்கட்டையோ?

சிஸ்டர் பெர்னதெத் உலகத்துக்கெல்லாம் பாடம் எடுத்தவ எண்டு நினைச்சேன் போல.

போதும்.

மார்ச் 6, ஞாயிறு

ரஞ்சினியிடம் சொன்னேன். குசினியில் அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். இரக்கப்படுவாள் என்று நினைத்தேன்.

"மாமி, கன்பராக் கலியாணத்தில என்ர சேலைக் கொசுவத்தை நீங்கள் சபைக்கு நடுவில நிண்டு அவிட்டுத் திருப்பிக் கட்டினது நினைவிருக்கோ?"

"பிழையாக் கட்டியிருந்தாய்."

"ஓம். நானும் அண்டைக்கு உங்கட கையைத் தட்டிவிட்டிருக்கலாம்."

"ஏன் தட்டயில்லை?"

"பயம்" என்றாள். பிறகு இருவரும் சிரித்தோம். அவள் முதலில், நான் கொஞ்சம் பிந்தி. மூன்று வருடத்தில் குசினிக்குள் நாங்கள் சேர்ந்து சிரித்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டே கேட்டாள், "அந்த மனிசி உறைப்புத் தின்னுவாவோ?"

"தின்னமாட்டா. ஏன்?"

"சும்மா கேட்டனான். முன்னறை அலுமாரியை இவர் நகர்த்தித் தரவேணும். தனிய ஏலாது."

மார்ச் 9

மிஸிஸ் பார்க்கருக்கு நான் ரெலிபோன் எடுத்தேன். மிஸிஸ் ஹயாஷி எங்கே தங்குவது என்று மிஸிஸ் பார்க்கர் முடிவு செய்கிறார், ஸ்ட்ராத்ஃபீல்டார் முடிவு செய்கிறார்கள், நானும் முடிவு செய்து வைத்திருக்கிறேன். வருகிறவரை யாராவது கேட்டோமா என்றேன்.

கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். "அவர் உங்களிடம் வர மாட்டேன் என்றால், மிஸிஸ் ஆரி?"

"அப்போது அவர் சொன்னதாக இருக்கும். நீங்கள் சொன்னதாக இராது. என் பெயர் அரியரத்தினம்."

மாத முடிவு வரை பொறுக்கிறார்களாம்.

மார்ச் 13, ஞாயிறு

கடிதத்தை முடித்தேன். ஆங்கிலத்தில். மிஸிஸ் ஒகாவா யப்பானிய மொழியில் எழுதி இரண்டையும் சேர்த்து அனுப்புவார். எத்தனை தாள் கிழித்தேன் என்று சொல்லப் போவதில்லை. பழைய கொன்வென்ற் பழக்கம், மன்னிப்புக் கேட்கிற வசனம் வந்தவுடன் எழுத்துப் பிழை பார்க்கத் தொடங்கிவிடுகிறேன். எனக்காக அதைத் தமிழில் இங்கே வைக்கிறேன்.

அன்புள்ள மிஸிஸ் ஹயாஷி,

உங்கள் வீட்டில் நான் உடுத்த உடுப்பின் பொருள் எனக்குப் பத்து நாளுக்கு முன்புதான் தெரிய வந்தது. உங்கள் விசிறி எதற்கு என்பதும். நான் உங்கள் கையில் அடிக்கவில்லை, விலக்கினேன் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். எது என்று அந்தக் கைக்குத்தான் தெரியும். அதற்கு வருந்துகிறேன்.

குழுப்படம் எனக்கு வேண்டாம். அனுப்பாமல் விட்டதற்கு நன்றி.

மே மாதம் வரும்போது எங்கள் வீட்டில் தங்கும்படி கேட்கிறேன். இது சிறிய வீடு. ரயில் சத்தம் கேட்கும். வழமையான அவுஸ்திரேலிய வீடு வேண்டுமானால் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒன்று இருக்கிறது. தோட்டம் பெரியது, நல்ல மனிதர்கள். இங்கே வந்தால் முன்னறை உங்களுக்கு. என் மருமகள் ஏற்கெனவே அதைக் காலி செய்துவிட்டாள். உங்கள் கணவரின் சிறிய படம் ஒன்றைக் கொண்டு வாருங்கள். என் கணவரின் படத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. காலையில் முதற்சோறு இருவருக்கும் வைப்போம். இரண்டாவது கிண்ணம் உங்களுக்கு.

வர விருப்பம் இல்லை என்றால் அதை நான் பிழையாக எடுக்க மாட்டேன். ஆனால் மற்றவர்கள் வாயால் அதைக் கேட்க எனக்கு விருப்பம் இல்லை. ஆகையால் வருவீர்களா, மாட்டீர்களா என்று, ஒரு வரியானாலும் உங்கள் கையாலேயே எழுதி எனக்குப் பதில் அனுப்புங்கள்.