இடப்பக்கம் போகாத மூன்று பந்துகள்

4.2.1991

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

இந்தப் பெயரில் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இல்லையென்றால் முதல் வரியை அடித்துவிட்டு மேலே படி.

நான் கடுகு. டெலிபோன் நிலைய அணியில் உனக்குப் பந்து தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த அதே குள்ளச்சி. இப்போது ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு டிரைவிங் ஸ்கூல் விளம்பரம் மேசைக்கு வந்தது. "பெண்களுக்குப் பெண் ஆசிரியை" என்று போட்டு, ஒரு சின்னக் காருக்குள் முழங்காலை மடக்கி, தலை கூரையில் இடிக்க உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் படம். பார்த்ததும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விலாசத்தை அதிலிருந்துதான் எடுத்தேன். விளம்பரத்தில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, திருத்திவிட்டேன். அதற்குச் சன்மானம் வேண்டாம்.

சங்கதி இதுதான். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு மே மாதம் ஒரு வாலிபால் போட்டி நடத்துகிறார்கள். கேப்டன் பழைய ஆட்களைத் திரட்டுகிறாள். அமைதி வருகிறாள், அவள் இன்னும் வாயைத் திறப்பதில்லை. ஐந்து பேர் சேர்ந்தாயிற்று. ஆறாவது ஆள் இல்லை.

வாயேன்.

உன்,
கடுகு

19.2.1991

கடுகுக்கு,

வரியை அடிக்கவில்லை. ஆனால் வரவும் மாட்டேன்.

கேப்டனிடம் கேட்டுவிட்டுத்தான் எனக்கு எழுதினாயா? "யாரை வேணா கூப்புடு, அவள மட்டும் வேணாம்"னு சொல்லியிருப்பாளே! பதினேழு வருஷத்துக்கு முன்னால் இறுதி ஆட்டத்தில் தோற்றதும் நீங்கள் ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுதீர்கள். எனக்குச் "சிறந்த ஆட்டக்காரி" கோப்பையைக் கையில் கொடுத்து மேடையில் நிறுத்தியிருந்தார்கள். இறங்கி வந்தால் கேப்டன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "பேரு கெடச்சிடுச்சில்ல? போதும், கெளம்பு."

அன்றைக்கு யாரும் அவளை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும்தான்.

ஒன்று கேட்கிறேன், மனசைத் தொட்டுச் சொல். நம்மை ஜெயித்த அணியில் ஒருத்தி பேராவது உனக்கு நினைவிருக்கிறதா? பெரிய கோப்பை அவர்கள் அலுவலகத்து அலமாரியில் தூசி தின்கிறது. என் பேர் மறுநாள் பேப்பரில் வந்தது. ஆமாம், எனக்கு அது வேண்டியிருந்தது. பேர் வேண்டும் என்று ஆசைப்படுவது களவா? ஆறு பேருக்குமே அந்த ஆசை இருந்தது. கிடைத்தது எனக்கு; அதுதான் குற்றமாகிவிட்டது.

அந்தப் பேரும் என்ன வாழ்ந்தது? தேசிய முகாமுக்குப் போனேன். நாலாவது மாதம் முழங்கால் போயிற்று. இப்போது கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கத்தில் தினமும் எட்டு மணி நேரம் உட்காருகிறேன். கணவர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷர். மகளுக்குப் பன்னிரண்டு வயசு, இப்போதே என் தோளைத் தாண்டிவிட்டாள்.

உன் கடிதம் கண்டதில் சந்தோஷம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இப்படிக்கு,
ஒட்டகம்

3.3.1991

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

உன் கடிதத்தைப் பத்து நாளாகக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். எழுத உட்கார்ந்தால் கை நகரவில்லை. இன்றைக்கு அச்சகம் விடுமுறை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குக் கடைசி செட்டில் பதின்மூன்று–பதினான்கு. நினைவிருக்கும். அடுத்த மூன்று பந்தையும் உனக்குத்தான் தூக்கினேன். ஒன்று எதிராளி தரையில் இறங்கியது. மற்ற இரண்டும் அவர்கள் தடுப்பில் பட்டு நம் பக்கமே விழுந்தன. ஆட்டம் முடிந்தது. நீ கேட்டுக் கேட்டு வாங்கி அடித்தாய், அதனால்தான் தோற்றோம் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

உன் எதிரே இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. இடப்பக்கம் அமைதி தனியாக நின்றாள். அவளைத் தடுக்க எதிரே ஈ, காக்கா இல்லை. யாராக இருந்தாலும் அவளுக்குத்தான் கொடுத்திருப்பார்கள். அதுவும் எனக்குத் தெரிந்தது.

ஆனால் நடுவர் மேசை அருகே தேர்வாளர்கள் இரண்டு பேர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நம் அணியிலிருந்து ஒருத்தியைத்தான் முகாமுக்கு எடுப்பார்கள் என்று பயிற்சியாளர் காலையில் என்னிடம் சொல்லியிருந்தார். என் உயரத்துக்கு என்னை எந்த ஜென்மத்திலும் எடுக்கப்போவதில்லை. நான் தூக்கிக் கொடுத்த பந்தை அடித்து நீ போனால் பாதி நான் போன மாதிரி என்று நினைத்தேன். கோப்பையைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது.

பேருக்கு ஆசைப்பட்டது நீ இல்லையடி, நான். அதுவும் உன் பேருக்கு.

கேப்டன் உன்னைச் சொன்னபோது வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ மறுநாள் ஊரிலேயே இல்லை. அப்புறம் வருஷம் ஓடிவிட்டது.

நீ விளையாட வர வேண்டாம். இதைப் படித்தால் போதும்.

கடுகு

24.3.1991

அடி கடுகு,

சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். உன் காரம் பதினேழு வருஷம் கழித்து இப்போதுதான் என் கண்ணில் ஏறியது.

முதல் இரண்டு நாள் உன்மேல் கோபமான கோபம். மூன்றாம் நாள் ஒரு வக்கீலம்மாவுக்கு வண்டி பழக்கும்போது "பாதி நான் போன மாதிரி" என்ற வரி நினைவுக்கு வந்து குபீரென்று சிரித்துவிட்டேன். அந்தம்மா பயந்து, என்றைக்குமில்லாமல் சரியாக பிரேக் போட்டார். முழங்காலும் பாதி உன்னுடையதுதானே? வலிக்கும்போது நீயும் கொஞ்சம் நொண்டியிருக்கலாம்.

சரி, நானும் ஒன்று சொல்கிறேன். நீயாகக் கொடுத்தாய் என்பது முழு உண்மை இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் நான் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினேன். "எனக்கு" என்று அர்த்தம். நீ பார்த்தாயோ இல்லையோ, நான் தட்டினேன். ஆகவே திருட்டில் ஆளுக்குப் பாதி.

ஆனால் பழியை நான் மட்டும் முழுசாகச் சுமந்தேனே, அது நியாயமில்லை. வருகிறேன். ஒரே நிபந்தனை. நான் இல்லாதபோது, உன் வாயால், அவர்களிடம் சொல். சொன்னபின் என்ன நடந்தது என்று ஒரு வரி விடாமல் எழுது. அப்புறம்தான் பஸ் ஏறுவேன்.

என் சட்டை அளவு பெரியது. கை நீளம் போதாமல் தைத்துவிடாதீர்கள்.

ஒட்டகம்

8.4.1991

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

சொல்லிவிட்டேன். நேற்று பயிற்சி முடிந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது.

கேப்டன் வலையைப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். "பதினேழு வருஷமா அவளத் திட்டிக்கிட்டு இருக்கேன்டி. நல்லாப் பழகிடுச்சு. இப்பப் போயி உன்னத் திட்டுன்னா எனக்கு எப்படி வரும்?" என்றாள்.

"மெதுவாப் பழகிக்கோ, நான் எங்கயும் போகல" என்றேன்.

அதற்கும் அவள் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "கெளம்புன்னு சொன்னேனே, அவ உண்மையிலயே கெளம்பிட்டாளே" என்று இரண்டு தரம் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. நீ ஒரு வரியும் விடாதே என்றாய், அதனால் எழுதுகிறேன்.

அப்போதுதான் அமைதி வாயைத் திறந்தாள். நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மேசை பேசியிருந்தாலும் அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம்.

"அன்னைக்கு நான் தனியா நின்னேன்னு சொல்றீங்கல்ல? பந்து என் பக்கம் வந்துடவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டு நின்னேன். வரல. தோத்ததுக்கு எல்லாரும் அழுதாங்க, நான் நிம்மதியில அழுதேன்."

கேப்டன் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப ஜெயிக்கணும்னு ஆடினது நான் ஒருத்திதானா?" என்று கேட்டாளே, ஐந்து பேரும் தரையில் விழுந்து சிரித்தோம். மைதானத்துக் காவலாளி யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடிவந்தார்.

உன் சட்டையைக் கேப்டனே தைக்கிறாள். கையை நாலு விரல் கூட்டியே வைத்திருக்கிறாளாம். பஸ் ஏறு.

கடுகு

14.5.1991

என் அன்புக் கடுகுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் பானை மாதிரி வீங்கியிருக்கிறது. கணவர் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டே, "நாலாவது தடவையா சொல்ற, பரவால்ல, சொல்லு" என்கிறார். நானும் சொல்கிறேன். கடைசிப் புள்ளியில் நீ பந்தின் கீழே போய் நிற்கிறாய். என் எதிரே இரண்டு பேர். நான் சும்மா ஒரு குதி குதிக்கிறேன், அவர்களும் என்னோடு குதிக்கிறார்கள். இடப்பக்கத்திலிருந்து "எனக்கு!" என்று ஒரு கூச்சல். அமைதியேதான்! நடுவரே திரும்பிப் பார்த்தார். நீ முதுகுக்குப் பின்னால் தூக்கிவிட்டாய், அவள் அடித்த அடியில் பந்து மைதானத்தைத் தாண்டிச் சாலைக்கே போய்விட்டது. மகள் இதை வீட்டுக்குள் நடித்துக் காட்டி ஒரு பூச்சாடியை உடைத்தாள்.

போட்டோவுக்கு நிற்கும்போது என்னைக் காணோம் என்று கேப்டன் கத்தினாளே, எங்கே போனாய் என்று நீயும் பஸ்ஸில் கேட்டாய். அந்தப் பாட்டுச் சத்தத்தில் சொல்ல முடியவில்லை.

தோற்ற அணியில் ஐம்பது வயசுக்காரி ஒருத்தி இருந்தாளே, நரைத்த பின்னல். சிறந்த ஆட்டக்காரி கோப்பை அவளுக்குத்தான். அவள் அணிக்காரிகள் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கோப்பையோடு தனியாக நின்றாள். நேராக அவளிடம் போனேன்.

"மனசு கஷ்டப்படாதீங்கக்கா" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கென்ன கஷ்டம்? தோத்ததுக்கு நாளைக்கு அழுதுக்கறேன். முப்பது வருஷமா ஆடறேன், ஒரு பித்தள டம்ளர்கூட எவனும் குடுத்ததில்ல. இத பாத்தியா, எம் பேரு செதுக்கியிருக்கு!" என்று என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். அதற்குள் பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவளை அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் தூக்க ஆள் குறைந்தது. நான் தோள் கொடுத்தேன். போட்டோவில் நான் இல்லாத காரணம் அதுதான். கேப்டனிடம் நீயே சொல்லிவிடு, எனக்கு இன்னும் அவளிடம் கொஞ்சம் பயம்.

அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஒன்று தோன்றியது. பதினேழு வருஷமாக அந்த ஆட்டத்தைப் பற்றி நான் யாரிடமும் பெருமையாக ஒரு வார்த்தை பேசினதில்லை. என் மகளிடம்கூட. நேற்று சாப்பிடும்போது அவளுக்கு முதல் செட்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தோற்றதையும் சொன்னேன். தட்டு காய்ந்துபோகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நான் நன்றாக ஆடினேன், கடுகு. நீ தூக்கிக் கொடுத்ததும் நல்ல பந்துதான்.

எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொள்.

என்றும் உன்,
ஒட்டகம்