வீட்டில் போட்ட இக்னிஷன்

ஏன்னா,

உங்கள் அம்மாவை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போகிறேன். நம் ஃபியட்டில்தான்!

காஷ்மீரி கேட்டில் நீங்கள் வாங்கிவந்த எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, நான் செய்ததை மாட்டினேன். இந்த தில்லிக் குளிரிலும் சாவியைத் திருப்பியதுமே இன்ஜின் பிடித்துக்கொண்டது. வழக்கம்போல் வண்டி தள்ள வந்த பக்கத்து வீட்டு சர்தார்ஜி, "ஷாபாஷ் பாபிஜி!" என்று கைதட்டினார். டெலிபோன் ஆபீஸில் பதினோரு வருஷம் ஒயர் பற்றவைத்த கை இது.

"இக்னிஷன் என்ன வடாமா, ஆத்துலயே போடறதுக்கு?" என்று கேட்டீர்களே!

வீட்டுச் சாவி சர்தார்ஜியிடம். சாதம் குக்கரில்.

விசாலம்

பெருங்காய டப்பாவைத் தேடாதீர்கள். என் சர்க்யூட் அதற்குள்தான், பானெட்டுக்கு அடியில் இருக்கிறது.

வடாம் பொரித்து மூடி வைத்திருக்கிறேன். அதுவும் ஆத்துல போட்டதுதான்.