கம்பியோடு சேராத கரண்ட்

பசுவந்தனை
12.6.2009

அன்பு மகள் காளீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. செண்பகவல்லியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இரண்டு ஆடுகளும் இங்கே சுகம், ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் அதுபோலவே சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் நான் முடிக்கிற வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன ஆடியில் நடந்ததை நான் மறக்கவில்லை. பத்து நாள் இருப்போம் என்று வந்தீர்கள், கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஐஸ்வர்யாவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு, ஹரி அழுத அழுகையில் மூன்றாம் நாளே கோவில்பட்டி லாட்ஜுக்குப் போய்விட்டீர்கள். கயத்தாறுப் பக்கம் கரண்ட் எடுக்கிற காற்றாடி அத்தனை சுற்றுகிறது, என் வீட்டில் ஒரு பேன் சுற்றாததால் என் பேரப்பிள்ளைகள் லாட்ஜில் இட்லி தின்றார்கள். சுடலையம்மாள் மதினி தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் முன்னால், பேரப்பிள்ளையெல்லாம் உங்களப் பாக்க வந்தாவளா மதினி, லாட்ஜப் பாக்க வந்தாவளா என்று கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சோலார் வைக்கச் சம்மதித்தேன்.

மாப்பிள்ளை எழுதி அனுப்பியதை மூன்று தடவை படித்தேன். பேட்டரியே வேண்டாம், சோலார்த் தகட்டைக் கரண்ட் கம்பியோடு சேர்த்துவிட்டால் மிஞ்சுகிற கரண்டை விற்றுவிடலாம், எங்கள் தெருவில் அப்படித்தான் என்று எழுதியிருந்தார்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். சோலார்க் கடைக்காரன் பெயர் வெயிலுமுத்து, பெயரைக் கேட்டதுமே அப்பா இந்தக் கடைதான் என்று உட்கார்ந்துவிட்டார். வீட்டுக் கரண்டை வாங்கிக்கொள்ள நம் ஊரில் இன்னும் ஏற்பாடு வரவில்லை என்றான். அது கிடக்கட்டும், நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். மத்தியானம் கரண்ட் போனாலும் தகட்டில் வெயில் அடித்துக்கொண்டுதானே இருக்கும், அப்போது பேன் ஓடுமா? ஓடாது ஆச்சி, கம்பியில கரண்ட் நின்னா இதுவும் தானா நின்னுரும் என்றான். நிற்காவிட்டால் போஸ்டில் ஏறி வேலை செய்கிறவருக்கு நம் வீட்டுக் கரண்ட் ஷாக் அடித்துவிடுமாம். இது எப்படியோ நம் லைன்மேன் திருப்பதி காதுக்கும் போய், அவன் வீட்டுக்கே வந்து, ஆச்சி நான் புள்ளகுட்டிக்காரன், பேட்டரியே வச்சிக்கிடுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனான். கம்பியோடு சேர்ந்து சோலாரும் படுத்துக்கொண்டால் அது எதற்கு? காய்ச்சலுக்கு ஒத்தாசையாக வந்தவள் நம்மோடு சேர்ந்து அவளும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் கஞ்சி வைப்பது யார்? உங்கள் ஊரில் கரண்ட் போனால் என்ன செய்வாய் என்று ஐஸ்வர்யாவிடம் போனில் கேட்டேன், எங்கே போகும் ஆச்சி என்று திருப்பிக் கேட்டாள். அந்த ஊருக்கு மாப்பிள்ளை சொல்வது சரி, இந்த ஊருக்கு நான் சொல்வது சரி. பேட்டரி வைத்தாகிவிட்டது. ஒரு பேன், இரண்டு லைட். கம்பிக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

இனி எழுதுவதை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டாதே. வைத்த நாலாம் நாள், விளக்கு வைக்கும் முன்னாலேயே பேன் படுத்துவிட்டது. மறுநாளும் அப்படியே. ஆடி வேறு நெருங்குகிறது, வெயிலுமுத்துக்குச் சொல்லி அனுப்பினேன். வெயிலுமுத்து வந்து பேட்டரித் தண்ணீரைப் பார்த்தான், வயரையெல்லாம் கழற்றி மாட்டினான், தலையைச் சொறிந்தான். கடைசியில் மாடிக்கு ஏறினவன் அங்கிருந்தே, ஆச்சி, இது சோலாரா மொளகாக் களமா என்று கத்தினான். தகடு முழுக்க அப்பாவின் பழைய வேட்டி, வேட்டி முழுக்க மோர்மிளகாய். நான்தான் காயப் போட்டேன். மாடியில் நல்ல வெயில் விழுகிற இடத்தையெல்லாம் தகடே பிடித்துக்கொண்டது, வேறு எங்கே போடுவேன்? வெயில் பிடிக்கத்தானே வைத்திருக்கிறது, கூடக் கொஞ்சம் மிளகாயும் பிடிக்கட்டுமே என்று நினைத்துவிட்டேன். உங்களுக்குக் கொடுத்தனுப்பத்தான் போட்டது, இரண்டே நாளில் சருகாகக் காய்ந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மதினியிடம் பேட்டரியில் தண்ணீர் குறைச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீ வந்து உளறிவிடாதே.

நேற்று மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. தெருவே வாசலுக்கு வந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தது, நம் வீட்டில் பேன் ஓடியது. சோதித்துப் பார்க்கிறேன் என்று அதன் அடியில் படுத்த அப்பா சாயங்காலம் காபிக்குத்தான் எழுந்தார். மதினியும் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஆகையால் இந்த ஆடிக்கு நீங்கள் லாட்ஜில் சொல்லி வைத்த ரூமை இந்தக் கடிதம் கண்டதும் வேண்டாம் என்று சொல்லிவிடு. பத்து நாளும் என் வீட்டில்தான்.

பிள்ளைகள் நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும், உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காமல் மாப்பிள்ளையிடம் சொல். இருக்கிற ஒரு பேன் ஹரிக்கும் ஐஸ்வர்யாவுக்கும். மாப்பிள்ளைக்கென்று புதிதாக ஒரு பனையோலை விசிறி வாங்கி வைத்திருக்கிறேன், அவர்கள் கேட்டபடியே அதற்குப் பேட்டரி கிடையாது.

இப்படிக்கு,
உன் அம்மா
இசக்கியம்மாள்