சுதாவோடு ரயிலேறிய புத்தகம்

அக்டோபர் 12, ஞாயிறு

மேல்மாடி சுதா விமான நிலையத்தில் வேலை பார்க்கிறவள். ரயில் என்றாலே முகம் சுளிப்பாள். போன மாதம் என்னிடமிருந்த ரயில் பயணப் புத்தகம் ஒன்றைப் படிக்கக் கொடுத்தேன். படித்த கையோடு, திருச்சிக்கு இரண்டு ராத்திரி ரயிலிலேயே கிளம்பிவிட்டாள், புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு. டெல்லியில் எங்கள் துவாரகா முழுக்கச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

இன்று காலை போன் செய்தாள்.

"அக்கா, எதிர் பெர்த் அம்மா நாகர்கோவில் போறாங்க. உங்க புக்கைக் கீழேயே வைக்க மாட்டேங்கறாங்க, இன்னும் பாதி இருக்காம். என்ன பண்ணட்டும்? ஜல்தி சொல்லுங்க, திருச்சி வந்துடுச்சு."

முதல் பக்கத்தில் 'படித்ததும் திருப்பித் தரவும்' என்று சிவப்பு மையில் எழுதியவள் நான். ஆனால் வாயில் வந்ததோ வேறு.

"அவங்களே வெச்சுக்கட்டும். முடிச்சதும் வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு."

"உன் புத்தகம் கன்னியாகுமரியைப் பார்க்காம விடாது போல" என்றார் வீட்டுக்காரர். கேலிதான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இப்போதுதான் உறைக்கிறது. தீர்ந்துவிடக் கூடாதென்று கடைசி அத்தியாயத்தை நான் படிக்காமலே வைத்திருந்தேன். புத்தகத்தில் வரும் அந்த ரயில் கடைசியில் எங்கே போய் நின்றது என்று இனி சுதாவிடம்தான் கேட்க வேண்டும்.