போதகர் கேட்ட இருட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் நானும் அம்மாவும் உன் தம்பியும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மருமகனும் சுகம் என்று நாங்களாகவே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளை வயிற்றில் தங்காமல் போய்விட்டது என்று நீ சொன்ன அன்றைக்குப் பேசியதுதான், நாற்பது நாள் ஆகிறது. எப்போது போன் அடித்தாலும் மருமகன்தான் எடுக்கிறார், "தூங்குறா மாமா" என்கிறார், ஒரு மனுஷி எவ்வளவுதான் தூங்குவாள்? அதனால்தான் பேனாவை எடுத்தேன், தூங்கி எழுந்தாவது படி.

இங்கே என் தலைவலியைக் கேள். புதுப் போதகருக்கு ஒரு யோசனை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாலை ஆராதனையில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சபையே இருட்டில் உட்கார வேண்டுமாம், பிறகு ஒரே ஒரு மெழுகுவர்த்தி. இருபத்தாறு வருடமாக அந்த ஆலயத்துக்கு வயரிங் பார்க்கிறவன் நான், ஒரு பல்ப் போனாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், என்னிடம் வந்து இருட்டு கேட்கிறார். "ஐயா, இருட்டுக்கு எதுக்கு எலக்ட்ரீஷியன், பில்லு கட்டாம விட்டா அவங்களே வந்து செஞ்சு குடுப்பாங்க" என்றேன். அவர் சிரித்தார், உன் அம்மா சிரிக்கவில்லை, வீட்டுக்கு வந்தும் "போதகர்கிட்டயே வாயாடுறீங்களே" என்று ஒரு பாட்டம் பாடித் தீர்த்தாள்.

சரி, தொலையட்டும் என்று சொன்ன நேரத்துக்கு மெயினை இறக்கினேன். அடுத்த நொடி ஆலயம் பளீரென்று ஆகிவிட்டது. போன மாதம் நானே மாட்டிய எமர்ஜென்சி லைட், கரண்ட் போனால் தானாக எரிகிற வகை, எட்டும் ஒன்றுவிடாமல் எரிகின்றன. மாட்டியவனுக்கே மறந்துபோனது, என்னத்தைச் சொல்ல. பாடகர் குழுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள், உன் தம்பி அதுகூடச் செய்யாமல் கெக்கெக்கே என்று சிரித்தான், பெற்ற பிள்ளை. நான் ஏணியைப் போட்டு ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போனேன், எட்டாவது லைட் அணைய மாட்டேன் என்று அடம்பிடித்தது, வந்த எரிச்சலில் பேட்டரி வயரையே பிடுங்கிவிட்டேன். அப்போதுதான் உறைத்தது, கீழே படி தெரியவில்லை. இறங்க வழியில்லாமல் ஏணி உச்சியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போதகர் இருட்டிலிருந்தே பேசினார். "இருட்ட முதல்ல விரட்டிட்டு அப்புறம் ஆண்டவர் வரல. இருட்டுல இருந்தவங்ககிட்ட அப்படியே வந்தாரு. கைக்குழந்தையா வந்தவரு என்ன புத்தி சொல்லியிருக்கப் போறாரு? கூட இருந்தாரு, அவ்வளவுதான்" என்றார். கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு விசும்பல் கேட்டது. முப்பது வருடம் கூட வாழ்ந்தவனுக்கு யார் என்று தெரியாதா, உன் அம்மாதான். இந்த நாற்பது நாளில் அவள் அழுது நான் பார்க்கவில்லை. நான் அழ விடவில்லை என்பதுதான் சரி, அவள் வாயைத் திறந்தாலே "அதான் அடுத்தது பாத்துக்கலாம்னு சொல்றேன்ல" என்று அடைத்துவிடுவேன்.

அன்றைக்குப் போனில் உன்னிடம் நான் சொன்னதுகூட அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அப்பா, இங்க மூணு மணிக்கே இருட்டிடுது, எனக்கு எந்திரிக்கவே முடியல" என்று நீ சொன்னாய். அதற்கு நான், ஹாலில் எத்தனை வாட் பல்ப் என்று கேட்டேன். நல்ல வெள்ளை வெளிச்சமாக நாலு மாட்டச் சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பல்ப் கணக்குக் கேட்ட அப்பன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்னை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. உன்மேலும் கோபம் இல்லாமல் இல்லை, "வைங்கப்பா போன" என்று கத்தியிருந்தால் அன்றே புத்தி வந்திருக்கும், இப்படியா ஒரேயடியாக ஊமையாகிப்போவது.

மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். என் கணக்கில் அதெல்லாம் ஒரு வெளிச்சமே இல்லை, ஆனால் படி தெரிந்தது, இறங்கிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். மெயினைப் போடச் சொல்லி உன் தம்பி ஜாடை காட்டிக்கொண்டே இருந்தான், நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஆலயத்துக்குப் போ என்று நான் சொல்லப்போவதில்லை, அம்மா சொல்வாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, மருமகனிடம் மட்டும் முகத்தைத் திருப்பாதே, அவருக்கும் அது பிள்ளைதான். ஆண்டவர் உங்கள் இரண்டு பேர் கூடவும் இருப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் எடு. நீ பேச வேண்டாம், நான் புத்தி சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தேன் அம்மா, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் ஒரு தடவையாவது அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமும் பாசமும் தீராத
அப்பா