அந்த ஒரு கை

மார்ச் 3, செவ்வாய்

கதை திரும்பி வந்துவிட்டது. பத்திரிகை ஆசிரியர் போனிலேயே கிழித்துவிட்டார். "உங்க வில்லன் பக்கத்துக்குப் பக்கம் கத்துறான், பொண்டாட்டிய அடிக்கிறான். நீங்களும் கொடியவன், கொடியவன்னு சொல்லிட்டே இருக்கீங்க. எனக்குப் பயமே வரலையே! அவன் எப்படி உட்காருவான், எப்படிச் சிரிப்பான்? அதைக் காட்டுங்க. கெட்டவன்னு நாங்களே கண்டுபிடிச்சுக்கிறோம்."

கடையில் மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர் எதிரில் நின்றதால் சரிங்க, சரிங்க என்று போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 7

வில்லனுக்கு மாதிரி என் தங்கை புருஷன்தான். எனக்கும் மாப்பிள்ளைக்கும் என்றைக்கு ஒத்துப்போனது?

அடி உதையையெல்லாம் நீக்கிவிட்டேன். பதிலுக்கு ஒன்றே ஒன்று. விருந்தாளிகள் முன்னால் மனைவி ஏதாவது சொல்லத் தொடங்கினால், அவள் பக்கம் திரும்பாமலே அவன் கையை லேசாக உயர்த்துவான். மீதியைத் தானே சொல்லி முடிப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, தானாக வந்தது.

மார்ச் 12

திருத்திய கதையை எடுத்துக்கொண்டார்கள்! "அந்த ஒரு கை போதும் சார், உடம்பு சில்லிட்டுப் போச்சு" என்றார் ஆசிரியர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

தங்கையும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். அடுத்த கதைக்கும் ஏதாவது தேறும் என்று மாப்பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை பேசப் பேச, மனிதர் ஆரஞ்சு உரித்துக்கொண்டு வாய் திறக்காமல் கேட்டார். கை உயரவே இல்லை. சப்பென்று ஆகிவிட்டது.

அப்போது என் மனைவி, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய டாக்டரோடு லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்தாள். "கரண்ட் போச்சா, ஒரே இருட்டு. நான்—"

"இவ பயந்துபோய் ஓன்னு அழுதுட்டா!"

நான்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். மேசைக்கு மேலே ஒரு கை அந்தரத்தில் நின்றது. பார்த்தேன். என் கை.

"அண்ணியச் சொல்ல விடேன்ணா" என்றாள் தங்கை.

"பரவாயில்ல, அவரே சொல்லட்டும். அவருக்குத்தான் நல்லா வரும்." தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிரித்துக்கொண்டேதான் போனாள்.

மார்ச் 16

வெட்கமாக இருக்கிறது. ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிறவனின் லட்சணம் இது. ஒருநாளும் கை நீட்டாத புருஷன் என்ற பெருமை வேறு!

மார்ச் 18

கதையைத் திருப்பிக் கேட்டேன். அச்சுக்குப் போய்விட்டதாம். அவள் என் கதை ஒன்றைக்கூட விட்டதில்லை. படித்தால் — அந்தக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? இதழ் வந்ததும் ஒளித்துவிட்டால்? சீ, என்ன புத்தி இது.

ஏப்ரல் 2

இதழ் வந்தது. கடை மேசை இழுப்பறைக்குள் ஒருமுறை போட்டேன். பிறகு எடுத்துக்கொண்டு போய் அவள் கையிலேயே கொடுத்தேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நல்லா இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு என்ன சொல்ல வந்தான்னு கடைசிவரைக்கும் எழுதவே இல்லையே?"

"எனக்குத் தெரியல" என்றேன். பொய்யில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

"அந்த லிஃப்ட் கதையச் சொல்லேன்."

ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்குத்தான் தெரியுமே."

"நீ சொல்லு."

கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அழுதது அவள் இல்லை. பெரிய டாக்டர். மூச்சு முட்டுது, மூச்சு முட்டுது என்று அழுதாராம். கதவு திறக்கிறவரைக்கும் இவள்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்திருக்கிறாள்.

"இத ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"முதல்முதல்ல சொன்னப்பவே பாதிதாங்க சொன்னேன்" என்றாள். "மீதிய நீங்களே சொல்லிட்டீங்க."